‘நான்தான் சார் அந்தப் பையன்’: ஒரு தறி வீட்டில் டிமென்ஷியா

(எபிசோடின் எடிட் செய்யப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னைக்கு விருந்தினர் யாரும் இல்லை, நான் மட்டும்தான் பேசப்போறேன்.

போன வாரம் ஒரு பொண்ணு மெசேஜ் பண்ணியிருந்தாங்க. அவங்க பாட்டி ஒரே கேள்வியை ஒரு மணி நேரத்துல இருபது தடவை கேக்கிறாங்களாம். இருபத்தோராவது தடவை இவங்க கத்திட்டாங்க. ‘கத்தினதுக்கு அப்புறம் பாத்ரூம்ல போய் அழுதேன். பாட்டிக்கு அஞ்சு நிமிஷத்துல மறந்துடுச்சு, எனக்கு மறக்கலை’ன்னு எழுதியிருந்தாங்க. அதுக்கு ரெண்டு வரியில பதில் போடப் பார்த்தேன். முடியலை. மைக்கை ஆன் பண்ணிட்டேன்.

எனக்குச் சொந்த ஊர் காஞ்சிபுரம். பிள்ளையார்பாளையம். வாசல்ல செருப்பை விட்டுட்டு உள்ள வந்தா முதல்ல தறிதான் இருக்கும், அதைத் தாண்டித்தான் வீடே. எங்க தாத்தா அந்தக் குழித்தறியில அறுபது வருஷத்துக்கு மேல உட்கார்ந்தவர். கோர்வைப் புடவை நெய்யறவர்.

கோர்வைன்னா என்னன்னு கொஞ்சம் சொல்லிடறேன், கதைக்கு அது வேணும். புடவையோட உடல் ஒரு கலர், கரை வேற கலர். உடலுக்கு ஒரு நாடா, ரெண்டு பக்கக் கரைக்கும் தனித்தனியா ரெண்டு நாடா, ஆக மூணு. ஒவ்வொரு ஊடைக்கும் உடல் நூலும் கரை நூலும் ஒண்ணோட ஒண்ணு மாட்டிக்கணும். அந்த மாட்டல்தான் கோர்வை. சரியா விழுந்தா புடவை கிழிஞ்சாலும் கரை பிரியாதும்பாங்க. நெய்யறவருக்கு ரெண்டு கைதானே இருக்கு? அதனால பக்கத்துல ஒருத்தர் உட்கார்ந்து ஒரு பக்கத்துக் கரை நாடாவைப் போட்டுக் கொடுக்கணும். நிறைய வீடுகள்ல அந்த இடத்துல ஒரு காலத்துல சின்னப் பசங்க உட்கார்ந்திருந்தாங்க. அது வேற ஒரு எபிசோடுக்கான விஷயம். எங்க வீட்ல உட்கார்ந்தது ஆயா. நாப்பது வருஷத்துக்கு மேல. ரெண்டு பேரும் நெய்யும்போது பேசிக்கவே மாட்டாங்க. நாடா போற சத்தம்தான் அவங்க பேச்சு.

ஆயா 2015-ல போயிட்டாங்க. அதுக்கப்புறம் எங்க அத்தை அந்த இடத்துல உட்கார்ந்தாங்க.

2017-ல ஒரு புடவை. மாம்பழ மஞ்சள் உடல், அரக்குக் கரை. அதுல ஒரு சாண் நீளத்துக்குக் கோர்வை விட்டுப் போயிருந்தது. கரை தனியா, உடல் தனியா, நடுவுல வெளிச்சம் தெரியுது. நெய்யும்போதே அத்தை பார்த்துட்டுச் சொல்லியிருக்காங்க. தாத்தா எரிஞ்சு விழுந்திருக்கார், ‘எனக்கே நெசவு சொல்லித் தர்றியா நீ?’ன்னு. வாழ்க்கையில யாரையும் ஒரு வார்த்தை கடிஞ்சு பேசாத மனுஷன். புடவையை வாங்கினவங்க கூலியில பிடிச்சுக்கிட்டாங்க. வீட்ல எல்லாரும் கண்ணுதான் காரணம்னு முடிவு பண்ணினோம். புரை ஆபரேஷன் பண்ணி, புதுக் கண்ணாடி போட்டோம். அடுத்த புடவையில புட்டா வரிசை தப்பிச்சு. எப்பவும் வாய்க்குள்ளேயே எண்ணிக்கிட்டு நெய்வார். இப்போ பாதியில எண்ணிக்கையை விட்டுட்டு, எங்க விட்டோம்னு தெரியாம நாடாவைக் கையில வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பார். அப்பா திட்டுவார். நான் காலேஜ் லீவுல வந்து, ‘தாத்தா, கவனமா பண்ணக் கூடாதா?’ன்னு கேட்டிருக்கேன்.

யாருக்குமே டிமென்ஷியான்னு தோணலை. ஏன்னா அவர் எதையும் ‘மறக்கலை’. எங்க பேரெல்லாம் தெரியும். பழைய கதை எல்லாம் தெரியும். தமிழ்ல நாம இதை மறதி நோய்னு சொல்றோம் இல்லையா, அந்தப் பேரே நம்மளை ஏமாத்திடுது. மறதியைத் தேடிக்கிட்டு இருப்போம். ஆனா பல பேருக்கு முதல்ல சறுக்கறது வேற இடத்துல: பழகின வேலையை வரிசையா செய்யறது, காசு எண்ணி வாங்கறது, பேச்சுக்கு நடுவுல சரியான வார்த்தை வர்றது, சட்டுனு கோவம் வர்றது. ஐம்பது வருஷமா சாம்பார் வெச்ச அம்மா புளியை ரெண்டு தடவை கரைச்சு ஊத்தினா, அதைக் கைப்பக்குவம் போச்சுன்னு சிரிச்சுட்டு விட்டுடறோம்.

இதுக்கு ஊர் ஊருக்கு ஒரு சொல் இருக்கு. யாழ்ப்பாணத்துல ‘அறளை பெயர்ந்துட்டுது’ம்பாங்க. திருச்சூர் பக்கம் ‘சின்னன்’னு ஒரு வார்த்தை இருக்கு, சின்னப் பிள்ளை ஆயிட்டாங்கங்கிற அர்த்தத்துல. நம்ம பக்கம் ‘வயசாயிடுச்சு, அப்படித்தான்’. மூணுலயும் ஒரு பிரியம் இருக்கு, அதை நான் மறுக்கலை. ஆனா மூணுமே இதை நோய்னு சொல்லலை, வயசுன்னு சொல்லுது. வயசுன்னா யாரும் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போக மாட்டாங்க.

நாங்க கூட்டிட்டுப் போனோம், அங்கயும் அதையேதான் சொன்னாங்க. 2017 கடைசியில ஒரு இடத்துல காட்டினோம். எந்த இடம்னு சொல்லலை. ‘எழுபத்தாறு வயசு, வேற என்ன எதிர்பார்க்கிறீங்க?’ன்னு சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தாங்க. அந்த ஒரு வாக்கியத்துல எங்களுக்குக் கிட்டத்தட்ட ஒரு வருஷம் போச்சு.

2018 புரட்டாசியிலதான் சென்னைக்குக் கூட்டிட்டுப் போனோம். அந்த டாக்டர் பொறுமையானவங்க. இன்னைக்கு என்ன தேதின்னு கேட்டாங்க. தாத்தாவுக்குத் தெரியலை. ‘என்ன மாசம்?’ ‘புரட்டாசி. மூணாவது சனிக்கிழமை வருது’ன்னார். அது சரி! நூறுல இருந்து ஏழு ஏழாக் கழிக்கச் சொல்றது, ஒரு வாக்கியம் எழுதச் சொல்றது, இப்படி ஒரு டெஸ்ட் உலகம் பூரா இருக்கு. பள்ளிக்கூடமே போகாத ஒருத்தர் அதுல தோத்துட்டா, அது நோயா, படிப்பு இல்லாததாலயான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? இதை ரொம்ப முன்னாடியே யோசிச்சவங்க நம்ம பக்கத்துலயே இருக்காங்க. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில, படிக்காத முதியவங்களையும் கணக்குல வெச்சு, தமிழ் பேசறவங்களுக்குப் பொருந்தற மாதிரி கேள்வித்தாள் உருவாக்கினாங்க. கூட இருக்கிற குடும்பத்தாரைக் கேக்கறதுக்கும் அதுல தனியா ஒரு பகுதி இருக்கு. சென்னையும் வேலூரும் ‘10/66’ங்கிற உலக ஆய்வுக் குழுவோட மையங்கள். அந்தப் பேருக்கு அர்த்தம் தெரிஞ்சப்போ எனக்குக் கொஞ்சம் கோவமே வந்தது: டிமென்ஷியா இருக்கிறவங்கள்ல 66 சதவீதம் பேர் நம்மள மாதிரி நாடுகள்ல இருக்காங்க, ஆராய்ச்சியில பத்துல ஒரு பங்கு கூட அங்க நடக்கலைங்கிறதைத்தான் அவங்க பேராவே வெச்சிருக்காங்க.

அப்புறம் ரத்தப் பரிசோதனை. இதை நல்லாக் கேட்டுக்கோங்க. தைராய்டு குறைவு, பி12 சத்துக் குறைவு, மன அழுத்த நோய், தலையில எப்பவோ அடிபட்டு மெதுவா ரத்தம் கட்டிக்கிட்டது — இதெல்லாமே டிமென்ஷியா மாதிரியே தெரியும், இதுல பலதைச் சரிபண்ண முடியும். அதனாலதான் ‘வயசு’ன்னு சொல்லி அனுப்பறது ஆபத்து. தாத்தாவுக்கு பி12 குறைவாத்தான் இருந்தது. சுகருக்கு வருஷக்கணக்கா மெட்ஃபார்மின் சாப்பிடறவங்களுக்கு அது குறைய வாய்ப்பு இருக்காம். ஊசி போட்டாங்க. அசதி கொஞ்சம் குறைஞ்சது. நாங்க எல்லாரும் சந்தோஷப்பட்டோம், நாலு வாரம். எண்ணிக்கை திரும்பி வரலை. ஸ்கேன் எல்லாம் பார்த்துட்டு, அல்சைமரும் ரத்தக் குழாய்ப் பாதிப்பும் கலந்த டிமென்ஷியான்னு சொன்னாங்க. டிமென்ஷியாங்கிறது காய்ச்சல் மாதிரி ஒரு பொதுப் பேரு. அடியில இருக்கிற நோய் அல்சைமரா இருக்கலாம், வேறயா இருக்கலாம், தாத்தாவுக்கு மாதிரி ரெண்டாவும் இருக்கலாம். மாத்திரை கொடுத்தாங்க, ‘இது நோயை நிறுத்தாது, சில பேருக்குக் கொஞ்ச காலம் கைகொடுக்கும்’னு நேராவே சொன்னாங்க. பொய் நம்பிக்கை கொடுக்காத அந்தப் பேச்சுக்கு நான் இன்னைக்கும் நன்றியோட இருக்கேன்.

ஒரே ஒரு எண்ணிக்கை சொல்றேன். லாசி-டாட்னு ஒரு தேசிய ஆய்வோட மதிப்பீடு 2023-ல வெளியாச்சு. இந்தியாவுல 60 வயசுக்கு மேல இருக்கிறவங்கள்ல 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம், நகரத்தைவிடக் கிராமத்துல அதிகம். நீங்க மெட்ரோவுல இதைக் கேட்டுக்கிட்டு இருந்தா, அந்தப் பெட்டியில யாரோ ஒருத்தர் வீட்லயாவது இது இருக்கும்.

சரி, அந்தப் பொண்ணோட கேள்விக்கு வரேன். எங்க தாத்தாவோட கேள்வி இது: ‘உங்க ஆயாவைக் கூப்பிடு பாப்பா, கரை நாடா போடணும்.’

முதல் தடவை நான் உண்மையைச் சொன்னேன். ‘ஆயா செத்து மூணு வருஷம் ஆச்சு தாத்தா.’ அவர் முகம் போன போக்கை என்னால விவரிக்க முடியாது. அன்னைக்குத்தான் செத்த மாதிரி அழுதார். ‘எனக்கு ஏன் யாரும் சொல்லலை?’ன்னு கேட்டார். சாயந்தரம் மறந்துட்டார். மறுநாள் காலையில திரும்பவும், ‘உங்க ஆயாவைக் கூப்பிடு.’ நான் திரும்பவும் சொன்னேன். ஏன்னா பொய் சொல்லக் கூடாதுன்னு வளர்த்ததே அவர்தான். இப்படி நாலஞ்சு நாள், ஒவ்வொரு நாளும் அவருக்கு ஒரு சாவு.

அம்மாதான் நிறுத்தினாங்க. எட்டாவது வரைக்கும் படிச்சவங்க, எந்தப் பயிற்சிக்கும் போகாதவங்க. அடுத்த தடவை அவர் கேட்டப்போ, ‘தார் சுத்திட்டிருக்காங்க மாமா, வந்துடுவாங்க’ன்னாங்க. அவர் தலையை ஆட்டிட்டு உட்கார்ந்துட்டார். எனக்கு அது சரியா படலை, அம்மாகிட்ட சண்டையே போட்டேன். அம்மா கேட்டாங்க, ‘நீ உண்மை சொல்றது அவருக்கா, உனக்கா?’

இதைப் பத்திக் கவனிப்பாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவங்களும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்றாங்கன்னு பின்னாடி தெரிஞ்சுக்கிட்டேன். தகவலைத் திருத்தாதீங்க, அதுக்குப் பின்னாடி இருக்கிற தேவையைக் கேளுங்க. அவருக்கு ஆயா எங்க இருக்காங்கன்னு தெரிய வேண்டியதில்லை. பக்கத்து இடம் காலியா இருக்கு, அது வேணும். எனக்குப் பொய் இன்னமும் கூச்சம்தான். அதனால நான் வேற ஒரு வழி கண்டுபிடிச்சேன். ‘ஆயா நாடா எப்படிப் போடுவாங்க தாத்தா?’ன்னு கேப்பேன். அவ்வளவுதான், அரை மணி நேரம் சொல்வார். கையால காட்டிக் காட்டிச் சொல்வார். அழ மாட்டார்.

இப்போ 2019-க்கு வரேன். அந்த வருஷம் அத்தி வரதர். வரதராஜப் பெருமாள் கோயில் அனந்தசரஸ் குளத்துக்குள்ள இருக்கிற அத்திமரத்துப் பெருமாள், 40 வருஷத்துக்கு ஒரு தடவை வெளியில வருவார், 48 நாள் தரிசனம். 1939, 1979, அப்புறம் 2019 ஜூலை 1-லேருந்து ஆகஸ்ட் 17 வரைக்கும். ஊரே ஊரா இல்லை. எங்க பார்த்தாலும் தடுப்பு, லட்சக்கணக்குல ஜனம். 1979-ல தாத்தாவுக்கு 38 வயசு, அப்பாவுக்கு ஆறு. தோள்ல தூக்கிட்டுப் போய்க் காட்டினாராம். டிவியில நாள் பூரா அத்தி வரதர், தெருவுல மைக் சத்தம். தாத்தாவோட மூளையில எந்தக் கதவு திறந்துச்சோ, ஒரு நாள் விடியக்காலையில எழுந்து, புது வேட்டி கட்டிக்கிட்டு, யாருக்கும் தெரியாமக் கிளம்பிட்டார்.

அஞ்சரை மணிக்கு அம்மா பார்த்தா ஆள் இல்லை. நாங்க ஆளுக்கு ஒரு பக்கம் ஓடினோம். அந்தக் கூட்டத்துல எங்கன்னு தேடறது? அவருக்கு வீட்டு விலாசம் சொல்லத் தெரியாது, பாக்கெட்ல ஒரு சீட்டு கிடையாது. அதை நாங்க முன்னாடியே பண்ணியிருக்கணும். மணி பத்தரை இருக்கும். அப்பா கோயில் பக்கம் நின்னுட்டிருக்கார். ஒலிபெருக்கியில காணாமப் போனவங்க அறிவிப்பு வந்துக்கிட்டே இருக்கு. அதுல ஒண்ணு: ஆறு வயசுப் பையன், கட்டம் போட்ட சட்டை, பேரு இன்னது, அவங்க அப்பா இங்க காத்திருக்கார்.

அது எங்க அப்பாவோட பேரு.

காணாமப் போனது தாத்தான்னு நாங்க தேடறோம்; தாத்தா தன் பையனைக் காணோம்னு போலீஸ்கிட்ட போய்ப் புகார் கொடுத்திருக்கார். அவங்களும் நம்பி அறிவிச்சிருக்காங்க. அப்பா அந்த இடத்துக்கு ஓடியிருக்கார். நாப்பத்தாறு வயசு, நரைச்ச தலை, மூச்சு வாங்குது. ‘நான்தான் சார் அந்தப் பையன்’னு சொல்லியிருக்கார். அந்தப் போலீஸ்காரருக்கு முதல்ல ஒண்ணும் புரியலை. அப்புறம் புரிஞ்சுது போல, எழுந்து நாற்காலியை அப்பாவுக்குக் கொடுத்தாராம்.

தாத்தா அப்பாவைப் பார்த்துக் கேட்டது: ‘நீங்க யாரு? எம் புள்ளையைப் பார்த்தீங்களா?’

இதுல ஒண்ணு சொல்லணும். அதுவரைக்கும் அப்பா இந்த நோயை ஒத்துக்கவே இல்லை. ‘பிடிவாதம், வேணும்னே பண்றார்’ம்பார். அன்னைக்கு, அந்தக் கூட்டத்துக்கு நடுவுல அப்பா சொன்னது, ‘பார்த்தேன் ஐயா. வீட்டுக்கு வந்துட்டான், பசியோட இருக்கான். வாங்க போலாம்.’ தாத்தா கையைப் பிடிச்சுக்கிட்டு வந்துட்டார். வழியில அப்பாவுக்கு ஆசீர்வாதம் வேற பண்ணினாராம், ‘நல்லா இருப்பே தம்பி’ன்னு. அப்பா அதுக்கப்புறம் தாத்தாவைத் திட்டினதே இல்லை.

அன்னைக்குச் சாயந்தரமே சீட்டு எழுதினோம். பேரு, போன் நம்பர், ‘இவருக்கு ஞாபகம் தடுமாறும், தயவுசெஞ்சு கூப்பிடுங்க’. எல்லாச் சட்டைப் பாக்கெட்லயும், வேட்டி மடிப்புலயும். தாழ்ப்பாளை அவர் கை வழக்கமாப் போற இடத்துலேருந்து மாத்தி மேல போட்டோம். ஆனா அவரை உள்ள வெச்சுப் பூட்டிட்டு யாரும் வெளியில போகக் கூடாதுன்னு முடிவு. முக்கியமா, அம்மா தெருவுல ஒவ்வொரு வீடாப் போய்ச் சொன்னாங்க. அதுக்கு முன்னாடி நாங்க மறைச்சுத்தான் வெச்சிருந்தோம். வீட்ல இன்னும் கல்யாணம் ஆகாத பொண்ணு இருக்கு, ‘அந்த வீட்ல பைத்தியம்’னு பேசுவாங்கன்னு பயம். அந்தப் பொண்ணு நான்தான். சொன்னதுக்கப்புறம் டீக்கடைக்காரர், முனையில பூக்கட்டற அம்மா, ஆட்டோ ஸ்டாண்டுப் பசங்க எல்லாரும் ஒரு கண்ணு வெச்சுக்கிட்டாங்க. சாயந்தரம் அஞ்சு மணி ஆனா அவருக்குப் பதற்றம் கூடும், ‘வீட்டுக்குப் போகணும்’பார். வீட்லதான் இருப்பார். வாதாடினா கை ஓங்குவார். ‘சரி வாங்க போலாம்’னு செருப்பை மாட்டிவிட்டு, தெருவை ஒரு சுத்து சுத்தி, டீக்கடையில ஒரு டீ வாங்கிக் கொடுத்துத் திரும்பக் கூட்டிட்டு வந்தா, ‘அப்பாடா, வீடு வந்துடுச்சு’ன்னு படுத்துடுவார்.

ஒண்ணு மட்டும் கண்டிப்பாச் சொல்லிடறேன். ராத்திரி தூங்கலைன்னு மெடிக்கல் ஷாப்ல கேட்டுத் தூக்க மாத்திரை, அமைதிப்படுத்தற மாத்திரை வாங்கிக் கொடுக்காதீங்க. டிமென்ஷியா இருக்கிறவங்களுக்கு அதுல சிலது பக்கவாதம் வர்ற ஆபத்தைக் கூட்டும், கீழ விழ வைக்கும். டாக்டர் பார்த்துத்தான் கொடுக்கணும். திடீர்னு ரெண்டு நாள்ல குழப்பம் அதிகமாச்சுன்னா, சிறுநீர்த் தொற்றோ மலச்சிக்கலோ வலியோ இருக்கலாம். அவங்களுக்கு அதைச் சொல்லத் தெரியாது.

தறியை என்ன பண்றதுன்னு வீட்ல பெரிய சண்டை. குழியில விழுந்துடுவார், வித்துடலாம்னு சித்தப்பா. வேண்டாம்னு அம்மா. கடைசியில குழி மேல பலகை அடிச்சு மூடினோம், தறிக்கட்டையை மட்டும் விட்டு வெச்சோம். அம்மா கழிவு பட்டு நூலை ஒரு கூடை வாங்கிட்டு வந்து அவர் முன்னாடி வெப்பாங்க. அவர் சிக்கெடுப்பார். எம் பேரு போயிடுச்சு, அப்பா போயிட்டார், ஆனா அந்த விரல்கள் நூல் அறாம சிக்கு எடுக்கும். மூளையில, நடந்ததை நினைவு வெச்சுக்கிற இடம் வேற, கை பழகினதை வெச்சுக்கிற இடம் வேறயாம். ரெண்டாவது ரொம்ப நாள் தாங்கும். ராத்திரி அவர் தூங்கினதும் அம்மா அந்த நூலைத் திரும்பக் கலைச்சு வைப்பாங்க, மறுநாளைக்கு.

அம்மாவைப் பத்தித்தான் நான் அதிகம் பேசியிருக்கணும். உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி டிமென்ஷியா கவனிப்பு நேரத்துல 70 சதவீதம் பெண்களோடது. எங்க வீட்ல நூறு. குளிப்பாட்டறது, ஊட்டறது, துணி மாத்தறது, எல்லாம் மருமகள். நான் சென்னையில வேலை பார்த்துக்கிட்டு, வீடியோ கால்ல ‘பொறுமையா இரும்மா’ன்னு அறிவுரை சொல்லிட்டிருந்தேன். ஒரு நாள் அம்மா போனைக் கட் பண்ணிட்டாங்க. சரியான பதில்தான். அதுக்கப்புறம் மாசத்துல ரெண்டு சனி ஞாயிறு நான் போயிடுவேன், அந்த ரெண்டு நாளும் அம்மா அவங்க அக்கா வீட்டுக்குப் போயிடணும்னு பேச்சு. முதல் தடவை அம்மா போய்ப் பதினாறு மணி நேரம் தூங்கினாங்களாம். நீங்க வெளியூர்ல இருந்தா, பணம் அனுப்பறது நல்லதுதான். ஆனா போய் நின்னு, கவனிக்கிறவங்களை வெளியில அனுப்புங்க.

கடைசி வருஷம் தாத்தா அம்மாவை ‘அக்கா’ன்னு கூப்பிட ஆரம்பிச்சார். அவரை வளர்த்தது அவங்க அக்காதான். அம்மாவும் ‘என்னப்பா?’ன்னு கேப்பாங்க. 2022 தை மாசம் தாத்தா போனார்.

மெசேஜ் பண்ணின தோழிக்கு: நானும் கத்தியிருக்கேன், அம்மாவும் கத்தியிருக்காங்க. தூங்காம இருந்தப்போதான் ரெண்டு பேரும் கத்தினோம். பாட்டியை முதல்ல ஒரு நரம்பியல் டாக்டர்கிட்டயோ, மனநல டாக்டர்கிட்டயோ காட்டுங்க, பி12, தைராய்டு பார்க்கச் சொல்லுங்க. காது சரியாக் கேக்குதான்னும் பாருங்க. சில சமயம் பதில் காதுல விழாததாலயே திரும்பக் கேப்பாங்க. சென்னையில ஸ்கார்ஃப், 1984-ல டாக்டர் சாரதா மேனன் ஆரம்பிச்ச அமைப்பு, டிமென்ஷியாவுக்குன்னே டெம்கேர்ஸ்னு ஒரு பிரிவு நடத்தறாங்க. 1992-ல கேரளாவுல தொடங்கின ஏ.ஆர்.டி.எஸ்.ஐ. சங்கத்துக்குச் சென்னையிலயும் கிளை உண்டு, குடும்பத்தாரோட பேசுவாங்க. முதியோர் உதவி எண் 14567. உங்களுக்கே, கவனிக்கிற உங்களுக்கே முடியலைன்னா டெலி மானஸ் 14416, தமிழ்லயே பேசலாம், ராத்திரியிலயும் எடுப்பாங்க.

பாட்டி என்ன கேள்வி கேக்கிறாங்கன்னு நீங்க எழுதலை. அதை எழுதி அனுப்புங்க. அம்மாகிட்ட வாசிச்சுக் காட்டறேன், என்ன பதில் சொல்லலாம்னு அவங்களுக்குத் தோணும்.